கையை விட்டது

பொகவந்தலாவை ரோட்டில், பாலத்துக்கு இந்தப் பக்கம்
என் கராஜ். தகரம் நாலு, படங்கு ஒன்று.
படங்குக்கு அடியில் பதினேழு நாள்
டிலுக்‌ஷனின் த்ரீவீலர் நின்றது.

பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், கூலி எல்லாம் சேர்த்து
முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
பிஸ்டன் வாங்க என் தோட்டை ஹட்டனில் வைத்தேன்.
அடகுக்கடைக்காரர் சிட்டையைக் கிழித்துத் தந்தார்,
தோட்டை உள்ளே வைத்துப் பூட்டினார்.
சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.
என் முகத்தை ஒருதரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
அவருக்கு அது தேவையில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன் அந்தப் பதினேழு நாளும்.
டிலுக்‌ஷன் வருவான், டயரை உதைத்துப் பார்ப்பான்,
"பத்தாந்தேதி சம்பளம், அக்கா."
"வரட்டும். வண்டி எங்கேயும் போகாது."

லீசிங்காரன் ஒருநாள் ஃபைலோடு வந்தான்.
புத்தகம் தன்னிடம், நாலு தவணை நிலுவை என்றான்.
புத்தகம் உன்னிடம், வண்டி என்னிடம் என்றேன்.
செத்துக் கிடந்த எஞ்சினை எழுப்பியது இந்தக் கை.
கூலியை வைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போ.
சப்பாத்தில் கிரீஸ் படாமல் எட்டி எட்டி நடந்து போனான்.
பொருள் கையில் இருந்தால்
வாய்க்கு வரும் தைரியமே வேறு.

பிறகு அந்த இரவு.
மேக்கணக்கில் கோகிலவாணிக்கு நோவு கண்டுவிட்டது.
தோட்டத்து லொறி தூள் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தது.
மண் சரிந்த இடத்தைத் தாண்டி ஆம்புலன்ஸ் வராது;
இடுக்கில் நுழையக்கூடியது ஒன்றே ஒன்று,
என் படங்குக்கு அடியில்.
டிலுக்‌ஷன் எதுவும் கேட்கவில்லை. மழையில் நின்றான்.

சாவியை ஆணியிலிருந்து எடுத்தேன்.
எடுக்கும்போதே தெரியும்
அதோடு இன்னொன்றும் கழன்று வருகிறதென்று.
வளைவில் இரண்டு சிவப்பு விளக்கும் மறையும்வரை
முப்பத்தெட்டாயிரத்து நானூறு ஒரு வண்டி.
மறைந்த பிறகு அது பேச்சு.

டிக்கோயா ஆஸ்பத்திரி கேட்டிலேயே தூக்கிவிட்டார்கள்.
உள்ளே பிள்ளை பிறக்கிறது,
வெளியே வண்டியை ஏற்றுகிறார்கள்.

நுவரெலியாவுக்குப் போனேன், பஸ் மாறி.
யார்ட்டில் அறுபது வண்டி, பனியில் நனைந்துகொண்டு.
காவல்காரன் காட்டுவதற்காக அதை ஸ்டார்ட் பண்ணினான்.
முதல் இழுப்பிலேயே பிடித்தது.
வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்:
"உங்களுக்கு என்ன உரிமை?"
"என் கையில் இருந்தது."
"இருந்தது," என்று அவரும் சொன்னார், மெதுவாக.
"பிடித்திருந்தவரைக்கும் எங்களையே நிறுத்தி வைத்தீர்கள்.
நீங்களாகவே விட்டீர்கள்.
இனி நீங்கள் அவனுக்குக் கடன் கொடுத்த ஆள்,
பலசரக்குக் கடைக்காரனைப் போல."
கோபமாகச் சொல்லவில்லை.
எனக்குத் தேத்தண்ணீர்கூட வரவழைத்தார்.

கராஜில் பழைய பிஸ்டன் மட்டும் மிச்சம்,
தேய்ந்தது, ஒரு பக்கம் கீறல்.
அது இன்னும் என்னிடம்தான்.
அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கோகிலவாணி வந்தாள்.
"கொஞ்சம் பிடிங்க அக்கா" என்று பிள்ளையை நீட்டிவிட்டு
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
நூறு ரூபாய்த் தாள்கள், இருபது.
எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினாள்.
அதுவரைக்கும் பிள்ளை என் கையில்.
கிரீஸ் வாடைக்குத் தும்மியது.

"பாக்கி முப்பத்தாறாயிரத்து நானூறு" என்றேன்.
அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு என்னை.
ஒரே நினைப்பு இருவருக்கும் வந்திருக்க வேண்டும்;
சிரித்துவிட்டோம்.
பிள்ளையைக் கொடுத்தேன்.
சிட்டையும் எழுதிக் கொடுத்தேன்.

படங்குக்கு அடியில் இப்போது ஒரு தண்ணீர் மோட்டார்.
மரக்கறித் தோட்டத்து ரணவீர முதலாளியுடையது.
ஒன்பதாயிரம். "இன்றைக்கு மட்டும்" என்று
காலையில் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.